புதுக்கேணி பெண்கள் சலவைச் சங்கம்

சலவைப் பிரிவை மூடப்போகிறோம் என்று மேலாளர் சொன்னபோது ஷாஹிதாவுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஒரு இடத்தில் நிற்க முடியாத பரபரப்பு. உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார், டம்ளரை எடுத்து, குடிக்காமல் மறுபடி வைத்தாள்.

"அடுத்த மாசத்துலேர்ந்து துணியெல்லாம் ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போகுது. ஹெட் ஆபீஸ் முடிவு. நீங்க பயப்படாதீங்கம்மா, உங்களுக்கு அங்கயே சூப்பர்வைசர் வேலை பேசியாச்சு," என்றார் மேலாளர்.

"எனக்கு சரி சார். மத்தவங்களுக்கு?"

அவர் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் பதில்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டியிருந்த அந்த ரிசார்ட்டில் ஷாஹிதா ஒன்பது வருடமாகச் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே பதினொரு பெண்கள். விருந்தினர்கள் கசக்கிப் போட்ட விரிப்புகளும் டவல்களும் அவர்கள் கை பட்டுத்தான் மறுபடி வெள்ளையாகி அறைகளுக்குப் போயின. ஷாஹிதாவின் குரல் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். "மேடம் வராங்க" என்று யாராவது முணுமுணுத்தால் போதும், பேச்சு நின்றுவிடும். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அன்று மாலை புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கணவரின் கடைக்குப் போனாள். ஜெயினுலாபுதீன் ஃபேன், மிக்ஸி, வயர் விற்கிறவர். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் வாடிக்கையாளர்களிடம் பொறுமையாகப் பேசியே பழகியவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரகடம் வேலைய எடுத்துக்கோ. கம்பெனி பஸ் வரும். இதுல யோசிக்க இன்னா கீது?" என்றார்.

"அந்தப் பதினோரு பேரு இன்னா ஆவாங்க?"

"அவங்களுக்கும் அல்லா வழி வெச்சிருப்பான்."

"வெச்சிருப்பான். அது எதுன்னு நான் போய்ப் பாத்துட்டு வரேன்," என்று சொல்லி அவள் கடையை விட்டு இறங்கினாள். போன இடம், ஈ.சி.ஆர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த புதுக்கேணி. பதினொரு பேரில் எட்டு பேருக்கு அதுதான் ஊர். இஸ்திரி போடும் சம்பூர்ணத்தின் வீடு அங்கே பால் சொசைட்டிக்கு எதிரில் இருந்தது.

சம்பூர்ணம் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே வெளியே வந்து, "இன்னா மேடம், எங்கூட்டுக்கு வழி தெரியுமா உங்களுக்கு?" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் தவிட்டுக் கையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"யோசிச்சுப் பாரு சம்பூர்ணம்," என்றாள் ஷாஹிதா. நடந்துகொண்டே பேசினாள், மாட்டுக் கொட்டகைக்கும் வாசலுக்குமாகப் போய்ப் போய் வந்தாள். "துணி இங்கதான் அழுக்காகுது. தொவைக்கத் தெரிஞ்சவங்க இங்க கீறாங்க. ஆனா லாரி ஏறி ஒரகடம் போய் வெள்ளையாகி வரப்போவுது. ரிசார்ட் மட்டுமில்ல, கவர்மென்ட் ஆஸ்பத்திரி துணி, லாட்ஜ் துணி எல்லாம் வெளிய எவனோ எடுத்துக்கினு போறான். நாமளே ஏன் செய்யக் கூடாது? நமக்கே சொந்தமா?"

"நமக்குன்னா யாருக்கு?"

"பன்னெண்டு பேருக்கும்."

சம்பூர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ இனிமே மேடம்னு கூப்பிட மாட்டேன். அக்கான்னுதான் கூப்பிடுவேன். பரவால்லியா?"

ஷாஹிதா சிரித்தாள். பரவாயில்லை என்றுதான் நினைத்தாள்.

*

புதுக்கேணியில் சுனாமிக்குப் பிறகு கட்டிய பெரிய சமுதாயக் கட்டடம் ஒன்று பூட்டியே கிடந்தது. உள்ளே இரண்டு கூடம், மேலே தண்ணீர்த் தொட்டி, மும்முனை மின்சாரம். வாசலில் ஆடுகள் படுத்திருக்கும். சாவி ஊராட்சித் தலைவர் கலைவாணனிடம் இருந்தது. அவர் முன்பு மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, கை விரல் ஒன்றை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்.

"பில்டிங்க நான் குடுக்க முடியாதும்மா," என்றார் கலைவாணன். ஷாஹிதாவின் முகம் மாறியதைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "குடுக்க மாட்டேன்னு சொல்லல. அது என்னோடது இல்ல, ஊரோடது. கிராம சபை கூடி குடுக்கணும். ஒரு தெரு லைட்டு மாத்தணும்னாலும் ஒன்றிய ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிறேன். இந்த ஒரு பில்டிங்குதான் நம்ம கையில கீது. அத நாமளே முடிவு பண்ணலாம். மே ஒண்ணாம் தேதி சபை. வந்து பேசுங்க."

"அதுக்கு இன்னும் மூணு வாரம் கீது சார்."

"மூணு வாரம்தானே?"

ஒரகடம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த லீவை எல்லாம் எடுத்துக்கொண்ட ஷாஹிதா, அந்த மூன்று வாரமும் வீட்டில் தங்கவில்லை. சங்கத்தைப் பதிவு செய்யச் செங்கல்பட்டுக்கு மூன்று முறை, பழைய மெஷின் பார்க்கச் சென்னைக்கு இரண்டு முறை, லாட்ஜ்காரர்களைப் பார்க்க மாமல்லபுரத்துக்குத் தினமும் என்று அலைந்தாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் படிக்கட்டருகில் நின்றபடியே வந்தாள். சங்கத்துக்கு ஆளுக்கொரு பங்கு என்று முடிவானது. மற்றவர்கள் முடிந்ததைப் போட்டார்கள். ஷாஹிதா தன் வளையல்களை விற்றுப் போட்டாள். யார் எவ்வளவு போட்டாலும் ஓட்டு ஆளுக்கு ஒன்றுதான் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னபோது தலையை ஆட்டினாள். அப்போது அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை.

சபை பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. ஷாமியானாவுக்குக் கீழே ஊர் நிறைந்திருந்தது. ஷாஹிதா பேச எழுந்தாள். பின்னாலிருந்து ஒருவர், "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"புதுப்பட்டினம்."

"அப்போ இது எங்க சபை. எங்க ஆளுங்க பேசட்டும்."

கலைவாணன் சங்கடத்தோடு அவளைப் பார்த்தார். அந்த ஆள் சொன்னது சட்டப்படி சரி. ஷாஹிதா உட்கார்ந்தாள். சம்பூர்ணம் எழுந்தாள். ஷாமியானாவுக்குள் இதுவரை அவள் வாய் திறந்ததில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஷாஹிதா மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுத்ததில் பாதியை மறந்து, மீதியைத் தன் பாஷையில் சொன்னாள்.

சடையப்பன் எழுந்தார். கட்டடத்தை ஒட்டி அவருக்குக் கிணறும் வாழைத் தோட்டமும் இருந்தன. கோபக்காரர் இல்லை, ஆனால் விட்டுக்கொடுக்கிறவரும் இல்லை.

"பொம்பளைங்க பொழைக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல. தொவைக்கிற தண்ணி எங்க போவும்? சோப்பு, பிளீச்சிங் எல்லாம் என் கெணத்துலதான் எறங்கும். ஏற்கெனவே கடல் உப்பு உள்ள வந்துகினு கீது. நாளைக்கு எதக் குடிப்பீங்க?"

ஷாஹிதாவுக்கு நாக்கு நுனி வரை பதில் வந்தது. ரிசார்ட் இத்தனை வருடம் எத்தனை போர்வெல் போட்டுத் தண்ணீரை உறிஞ்சியது, அப்போது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க அவளுக்கு உரிமையில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சம்பூர்ணத்தைப் பார்த்தாள். வெட்டிப் பேசு என்று கண்ணால் சொன்னாள்.

சம்பூர்ணம் வெட்டிப் பேசவில்லை. "சடையப்பண்ணே சொல்றது நாயம்," என்றாள். "என் மாடும் அந்தக் கெணத்துத் தண்ணிதான் குடிக்குது. தண்ணிக்கு வழி பண்ணாம ஒரு துணி கூட நனைக்க மாட்டோம். சபை அப்படியே எழுதிக்கட்டும்."

சபை அப்படியே எழுதிக்கொண்டது. கட்டடம் ஊராட்சியின் சொத்தாகவே இருக்கும். சங்கம் வாடகை கொடுக்கும். யாரும் அதைத் தனி ஆளுக்கு மாற்ற முடியாது. தண்ணீருக்கு வழி செய்த பிறகுதான் வேலை தொடங்கும். கைகள் உயர்ந்தன. கைதட்டினார்கள். திரும்பி வரும் வழியில் ஷாஹிதா சம்பூர்ணத்தை விட்டு முன்னால் வேகமாக நடந்தாள்.

"இன்னாக்கா, கெலிச்சாச்சு. மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சுகினு கீற?"

"உன் வாயால ரெண்டு மாசம் போச்சு," என்றாள் ஷாஹிதா.

உண்மையில் மூன்று மாதம் போனது. ஒன்றியப் பொறியாளர் வந்து படம் போட்டுக் கொடுத்தார். சடையப்பனே தன் வரப்போரமாக இடம் காட்டினார். தண்ணீர் ஒரு தொட்டியில் தெளிந்து, அடுத்ததில் மணலில் இறங்கி, கடைசியில் அழுக்கை உறிஞ்சும் கல்வாழை நட்ட பள்ளத்தில் போய் நிற்கும்படி கட்டினார்கள். பெண்களே மண் சுமந்தார்கள். ஷாஹிதா ஒவ்வொரு நாளும் காலையில் போய், சிமெண்ட் காய்ந்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். காயாது. திட்டிவிட்டு வருவாள்.

*

ஆடி முடிந்து சங்கம் வேலையைத் தொடங்கியது. மாமல்லபுரத்திலிருந்து சில லாட்ஜுகளும் வாடகை வீடுகளும் துணி அனுப்பின. அலைந்து அலைந்து அரசு மருத்துவமனை ஒன்றின் படுக்கை விரிப்புகளையும் ஷாஹிதா பிடித்துவிட்டாள். சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சடையப்பன் முதல் மாதம் முழுக்கக் கல்வாழைப் பள்ளத்துத் தண்ணீரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதம் ஒரே ஒரு வாழைக்கன்றுக்கு மட்டும் பாய்ச்சினார். அது சாகாததைப் பார்த்து மூன்றாம் மாதம் ஒரு வரிசைக்குப் பாய்ச்சினார்.

ஷாஹிதாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை. மெஷின் பழையது, அடிக்கடி நின்றது. லாட்ஜ்காரர்கள் வார நாட்களில் துணி அனுப்புவதில்லை. மதியம் கூடம் அமைதியானால் அவள் ஒவ்வொரு அடுக்காகப் போய்ப் பார்ப்பாள். மடித்த டவலைப் பிரித்து மறுபடி மடிப்பாள். "இது மடிப்பா? ரிசார்ட்டுல இப்படி மடிச்சா திருப்பி அனுப்புவாங்க," என்று சத்தம் போடுவாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் வெங்கட்டம்மா என்ற வயதானவள், "அக்கா, இது ரிசார்ட் இல்லியே," என்றாள். ஷாஹிதா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தை மாதம் ஒரு வெள்ளைக் கார் கட்டட வாசலில் வந்து நின்றது. ரிசார்ட்டின் பர்ச்சேஸ் மேனேஜர் பாலசுப்ரமணியன் இறங்கினார். ஒன்பது வருடத்தில் சலவைப் பிரிவுக்குள் ஒருமுறை கூட வராதவர், இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஒரகடத்துக்காரங்க சரிப்பட்டு வரல மேடம். சனி ஞாயிறுல துணி லேட்டாகுது. கெஸ்ட் கத்துறாங்க. நீங்களே எடுத்துக்குங்க. எங்க துணி மட்டுமில்ல, எங்க குரூப்புல இன்னும் ரெண்டு ஹோட்டல் இருக்கு, அதுவும். புது மெஷின் நாங்களே தர்றோம். ஆனா வெளி வேலை எதுவும் எடுக்கக் கூடாது, எங்களுக்கு மட்டும்தான். தண்ணிக்கு இன்னும் ரெண்டு போர் போட்டுக்கலாம்."

துரத்தியவர்களே வாசல் தேடி வந்து நிற்கிறார்கள். ஷாஹிதாவுக்குக் காது சூடானது. மற்றவர்கள் அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். "எடுத்துக்கறோம் சார்," என்றாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் மதியம் சங்கக் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னாள். நல்ல செய்தி சொல்கிறவளின் முகத்தோடு சொன்னாள்.

"ஆஸ்பத்திரி துணி?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

"விட்டுடலாம். அது கொஞ்சம்தானே."

"போரு ரெண்டு போடணும்னா சபையக் கேக்கணும்."

"கேப்போம். குடுப்பாங்க."

"குடுக்க மாட்டாங்க. குடுத்தாலும் நான் வேணாம்னு கை தூக்குவேன்." சம்பூர்ணம் இஸ்திரி மேசையை விட்டு எழுந்து வந்தாள். "அக்கா, தப்பா நெனைக்காத. நம்மள அனுப்பினப்போ அந்த ஆளு எங்க இருந்தாரு? நாளைக்கி ஒரகடத்துக்காரன் சரியாயிட்டான்னு சொல்லி மெஷின எடுத்துக்கினு போயிட்டா, லாட்ஜும் இருக்காது, ஆஸ்பத்திரியும் இருக்காது. வெறும் பில்டிங்கு இருக்கும். ஆடு படுத்துக்கும்."

"நீ இஸ்திரி போட்டவ. உனக்கு பிசினஸ் இன்னா தெரியும்?"

வாயிலிருந்து வந்துவிட்டது. வெங்கட்டம்மா தரையைப் பார்த்தாள். சம்பூர்ணத்தின் கழுத்து சிவந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

"தெரியாதுதான். ஓட்டு இருக்குது இல்ல? போட்டுப் பாப்போம்."

கை தூக்கினார்கள். ரிசார்ட் வேலையை எடுக்க வேண்டும் என்று ஷாஹிதாவோடு சேர்த்து மூன்று கை. வேண்டாம் என்று ஒன்பது.

"என் வளையல் இதுல கீது," என்றாள் ஷாஹிதா. "யாரும் மறந்துடாதீங்க." சொன்ன உடனே அந்த வார்த்தைகள் அவளுக்கே அசிங்கமாகப் பட்டன. அதைத் திரும்ப எடுக்கத் தெரியாமல், "தலைவிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். அவள் ரோட்டைத் தாண்டுவதற்குள் சம்பூர்ணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அவள் பஸ் ஏறவில்லை. சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்குப் போய், ஈர மணலில் தெற்கு நோக்கி நடந்தாள். வெயில் சுட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் தொடங்கியது, நான் அலைந்தது, நான் விற்றது என்று மனசு ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. கல்பாக்கத்தின் கட்டடங்கள் தூரத்தில் தெரியத் தொடங்கும் வரை நடந்தாள். கால் வலித்ததே தவிர ஆத்திரம் குறையவில்லை.

*

வீட்டில் இருந்த அந்த நாட்கள் யாருக்குமே நல்ல நாட்களாக இல்லை. அலமாரியைக் காலி செய்து மறுபடி அடுக்கினாள். கல்லூரியிலிருந்து வந்த மகள் அலீனாவின் துப்பட்டாக்களைத் துவைத்ததையே துவைத்தாள். "அம்மா, சாயம் போகுது, விடுங்க," என்று அலீனா கெஞ்சினாள். ஜெயினுலாபுதீன் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைச் சுற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான்காம் நாள் பாலசுப்ரமணியன் ஃபோன் செய்தார். "சங்கம் வேணாம்னா போகட்டும் மேடம். நீங்க தனியா எடுங்க. உங்க பேர்ல போடலாம். ஒரு ஷெட்டு மட்டும் பாருங்க."

இதைக் கேட்டதும் ஜெயினுலாபுதீனின் முகம் மலர்ந்தது. அன்றைக்கே அலைந்து, ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த அரிசி ஆலை ஷெட்டு ஒன்றைப் பேசிவிட்டார். "உன் பேர்ல ஷாஹிதா. எவளும் கை தூக்க வேணாம். நீ சொல்றதுதான்."

நீ சொல்றதுதான். அந்த வார்த்தை அவளுக்குள் இனித்தது. சங்கத்திலிருந்து யாரைக் கூப்பிடலாம், யாரை விட்டுவிடலாம் என்று மனசு கணக்குப் போடக்கூட ஆரம்பித்தது. சம்பூர்ணம் அந்தக் கணக்கில் இல்லை.

மறுநாள் காலை ஷெட்டில் பாலசுப்ரமணியனைச் சந்தித்தார்கள். தவிட்டு வாசனை இன்னும் போகாத இடம். அவர் ஒப்பந்தத்தை நீட்டினார். ஷாஹிதாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் நேராகவே கேட்டாள்.

"எத்தினி வருஷத்துக்கு சார்?"

"வருஷம்னு இல்ல மேடம். முப்பது நாள் நோட்டீஸ், ரெண்டு பக்கமும். எல்லா வெண்டாருக்கும் அதான்."

"மெஷினு?"

"மெஷின் கம்பெனியோடது. காண்ட்ராக்ட் முடிஞ்சா எடுத்துக்குவோம்."

"ரெண்டு வருஷம்னு எழுதித் தருவீங்களா?"

"அது முடியாது மேடம். ஹெட் ஆபீஸ் ஒத்துக்க மாட்டாங்க."

"அப்போ நான் வேலைக்கு வெக்கிற ஆளுங்க?"

"அது உங்க பாடு இல்லையா?" என்றார் அவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். அவர் நல்ல மனிதர்தான். அவருக்கும் மேலே ஒரு ஆபீஸ் இருந்தது, அவ்வளவுதான்.

ஷாஹிதா ஷெட்டுக்குள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். மேலாளர் அறையில் ஃபோனைப் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. ஒருநாள் இந்த ஷெட்டில் அவள்தான் அந்த இடத்தில் நிற்பாள். மத்தவங்களுக்கு என்று எவளாவது கேட்பாள். தான் எதைப் பார்ப்போம்? சம்பூர்ணம் சொன்னது சரி என்று அந்த நிமிடம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததில் சந்தோஷமே இல்லை. சம்பூர்ணத்தின் மேல் இன்னும் கோபம்தான் வந்தது. சரியாகச் சொன்னதற்கான கோபம்.

"வேணாம் சார்," என்றாள்.

பாலசுப்ரமணியன் போன பிறகு ஜெயினுலாபுதீன் ஷெட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். ஷெட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கடைத்தெருவில் அவருடைய வாக்குக்கு மதிப்புண்டு. கடைசியில், "சரி. அந்த ஆளாண்ட நான் பேசிக்கிறேன்," என்றார். பிறகு, "வூட்லயே இருந்துடாத. எங்களால தாங்க முடியாது," என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் ஷாஹிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மதியமே புதுக்கேணிக்குப் போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனை விரிப்புகள் கொடியில் ஆடின. சம்பூர்ணம் இஸ்திரி மேசையில் நின்றிருந்தாள். தலைவியான பிறகும் இஸ்திரியை விடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, ஷிப்டுக்கு வந்தியா, சண்டைக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"மொதல்ல எதுக்கு?"

ஷாஹிதா இஸ்திரி மேசை வரை வந்தாள். வளையலைப் பற்றிச் சொன்னதற்கும், இஸ்திரி போட்டவள் என்று சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வாக்கியம் எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். "அன்னிக்கி நான் பேசினது பேச்சே இல்ல," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"ஆமா," என்றாள் சம்பூர்ணம். "பேச்சே இல்ல." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "போய் டவல மடி."

*

ஷாஹிதா டவல் மடித்தாள். பத்து நாள் மடித்தாள். அதற்குள் எல்லோரையும் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டாள். அடுத்தவள் மடித்ததைப் பிரித்தாள். மெஷின் நின்றால் மெக்கானிக் வருவதற்குள் நான்கு முறை அதன் மூடியைத் திறந்தாள். சம்பூர்ணம் ஒருநாள் காலை அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு நிக்கத் தெரியாது. எதுக்கு உன்ன இங்க நிக்க வெச்சு எங்க உயிர வாங்கணும்? வெளிய போ. வேலை புடிச்சுகினு வா. ஆனா ஒண்ணு. சரின்னு சொல்லிடாத. 'கேட்டுட்டுச் சொல்றேன்'னு சொல்லு."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகுவது ஷாஹிதாவுக்கு எளிதாக இருக்கவில்லை. லாட்ஜ் முதலாளிகள் எதிரில் உட்கார்ந்து, "கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்னும்போது நாக்கு கூசியது. யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருவர் கேலியாகக் கேட்டார். "பன்னெண்டு பேர. அவங்கதான் முதலாளிங்க," என்றாள். அப்புறம் யோசித்து, "அதுல நானும் ஒரு ஆளு," என்று சேர்த்துக்கொண்டாள்.

பாலசுப்ரமணியனிடமும் சங்கம் பதில் சொல்லி அனுப்பியது. தொட்டி தாங்குகிற அளவுக்கு டவலும் மேசை விரிப்பும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், வேறு போர் போட மாட்டோம், ஒரு வருடத்துக்கு எழுதித் தர வேண்டும் என்று. ரிசார்ட் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாமல்லபுரத்தில் இன்னொரு நடுத்தர ஹோட்டல் அதே நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டது. பக்கத்து ஊராட்சியிலிருந்து தலைவரும் நான்கு பெண்களும் வந்து கல்வாழைப் பள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் மருத்துவமனைக்குச் சாப்பாடு செய்து தரலாமா என்று யோசிக்கிறார்களாம். கலைவாணன் அவர்களிடம், "மொதல்ல சபையில வெச்சுடுங்க. அடி வாங்கறதுன்னா அங்கயே வாங்கிடணும்," என்றார். சடையப்பன் தன் வாழைத்தாரைக் காட்டினார். ஆனால் கிணற்றுத் தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. அதற்கான செலவைச் சங்கம்தான் கொடுக்க வேண்டும் என்றும் சபையில் எழுத வைத்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த வருட மழைக்காலத்தில் துணி காயவில்லை. ஒரு லாட்ஜ் விட்டுப் போனது. வெங்கட்டம்மாவுக்கு முதுகு வலி. அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ரிசார்ட் சம்பளம் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லி, அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்கு இரண்டு பெண்களைக் கூப்பிட்டது. ஒருத்தி போனாள்.

மழை முடிந்து மாசி மாதக் கூட்டத்தில் ஷாஹிதா ஒரு யோசனையோடு வந்தாள். துணி ஏற்றி இறக்கப் பழைய சரக்கு ஆட்டோ ஒன்றை வாங்கிவிட வேண்டும். அவளே பார்த்து வைத்திருந்தாள், நல்ல வண்டி. அரை மணி நேரம் பேசினாள். நடந்துகொண்டே பேசினாள். சம்பூர்ணம் முழுக்கக் கேட்டாள்.

"நல்ல யோசனைதான். ஆனா மொதல்ல துணி காயவெக்கிற ட்ரையரு. மழைக்காலத்துல இன்னொரு லாட்ஜு போச்சுன்னா வண்டியில எத ஏத்துவ?"

"வண்டி இருந்தா ட்ரையருக்கு வேணுங்கற வேலைய நான் கொண்டாருவேன்!"

கை தூக்கச் சொன்னார்கள். வண்டிக்கு நான்கு. ட்ரையருக்கு மற்ற எல்லோரும்.

ஷாஹிதா செருப்பைத் தேடினாள். காலை நுழைத்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படியே சற்று நின்றாள். பிறகு செருப்பை உதறிவிட்டுத் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"சரி, ட்ரையரு. எந்தக் கம்பெனி ட்ரையரு? அது தெரியுமா உங்களுக்கு? எவனாவது ஓட்ட டப்பாவ நம்ம தலையில கட்டிடுவான். நான் வரேன் கூட."

"நீ வராம?" என்றாள் சம்பூர்ணம். "வா. ஆனா சரின்னு சொல்லிடாத."

கூடமே சிரித்தது. ஷாஹிதாவுக்கு வண்டி போன எரிச்சல் அடங்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்க வேண்டும், இந்த முறை முன்கூட்டியே நான்கைந்து பேரிடம் பேசி வைக்க வேண்டும் என்று அவள் அங்கேயே, அவர்கள் நடுவில் உட்கார்ந்தபடியே, யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.